பெரிய கெளுத்தி மீன்களுக்கான தொட்டி: வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

குளத்திலும் வாய்க்காலிலும் கெளுத்தி பிடித்துப் பழகிய தமிழ் மக்களுக்கு, மீசை முளைத்த அந்த மீன் புதியதன்று. இலண்டனின் வண்ணமீன் கடைகளில் விற்கப்படும் கெளுத்தி இனங்களோ பெரும்பாலும் தென்னமெரிக்காவின் ஆறுகளையும் தென்கிழக்காசியாவின் மீகொங் ஆற்றையும் தாயகமாகக் கொண்டவை. அவற்றுட் சில விரலளவு நீளத்தில் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் ஒரு சிறுவனின் உயரத்தை எட்டிவிடுகின்றன. அத்தகைய மீனை வாங்கிய பின் அதற்கேற்ற தொட்டியைத் தேடுவது காலங்கடந்த முயற்சியாகவே முடியும். முழு வளர்ச்சியடைந்த மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், அத்தொட்டியை வீடு தாங்குமா என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே மீனை வாங்க வேண்டும்.

கடையில் காணும் அளவும் முழு வளர்ச்சியும்

கடைகளில் அடிக்கடி காணப்படும் பெரிய கெளுத்தி இனங்கள் மூன்று.

முதலாவது, ரெட்டெயில் கேட்ஃபிஷ் எனப்படும் செவ்வால் கெளுத்தி. அமேசன், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளுக்கு உரியது. கரிய முதுகும் வெள்ளை வயிறும் சிவந்த வாலும் கொண்ட இதன் குஞ்சுகள் 5 முதல் 8 சென்ரிமீற்றர் நீளத்தில் விற்கப்படுகின்றன. நன்கு உணவு கிடைத்தால் முதல் ஆண்டிலேயே 30 சென்ரிமீற்றரைக் கடந்துவிடும். முழு வளர்ச்சியில் ஒரு மீற்றருக்கும் மேல் நீளும். ஆற்றில் வாழ்பவை 50 கிலோகிராமுக்கும் மேல் எடை கொண்டவையாகப் பிடிபட்டுள்ளன.

இரண்டாவது, "சுறா" என்ற பெயருடன் விற்கப்படும் பங்காசியஸ். இது சுறா அன்று. மீகொங், சாவோ பிரயா ஆறுகளின் கெளுத்தி. மீன்கடைகளில் முள்நீக்கிய வெள்ளைத் துண்டுகளாக உணவுக்கு விற்கப்படுவதும் இதே மீன்தான். ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடியது. கூட்டமாக நீந்தும் இயல்புடையதால் தனியாக ஒன்றை மட்டும் வளர்ப்பதும் பொருந்தாது.

மூன்றாவது, தொட்டியின் பாசியைத் தின்னும் எனக் கூறி விற்கப்படும் பிளெக்கோ. இதன் பொதுவான இனங்கள் 40 முதல் 50 சென்ரிமீற்றர் வரை வளர்கின்றன. தொட்டியைத் தூய்மையாக்கும் என்ற எண்ணத்துடன் வாங்கப்படும் இம்மீன், வளர்ந்த பின் தான் தின்னும் பாசியைவிட மிகுதியான கழிவை வெளியேற்றுகிறது.

இவை நன்கு பராமரிக்கப்பட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவை. ஆகவே இது பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கான பொறுப்பு என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

"தொட்டிக்கேற்ப மீன் வளரும்" என்ற நம்பிக்கை

மீன் தான் வாழும் தொட்டியின் அளவிற்கேற்பவே வளரும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது தவறானது. சிறிய தொட்டியில் மீனின் வளர்ச்சி குன்றுவது உண்மையே. ஆனால் அது மீன் இடத்திற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்வதால் நிகழ்வதன்று. கழிவு மிகுந்த நீரும், நீந்துவதற்கு இடமின்மையும் விளைவிக்கும் பாதிப்பே அது. முதுகெலும்பு வளைதல், துடுப்புகள் சிதைதல், மூக்கும் மீசையும் கண்ணாடியில் உராய்ந்து புண்ணாதல் ஆகியவை இதன் வெளி அடையாளங்கள். இம்மீன்கள் தம் ஆயுளில் பெரும்பகுதியை இழந்து இறக்கின்றன.

"இப்போதைக்குச் சிறிய தொட்டி, பிறகு பெரியது" என்னும் திட்டமும் பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. பெரிய தொட்டிக்கான இடமும் பணமும் முன்கூட்டியே உறுதிசெய்யப்படாவிடின், மீன் வளரும் வேகத்திற்கு வீட்டு நிலைமை ஈடுகொடுக்காது.

தொட்டியின் அளவைக் கணக்கிடும் முறை

தொட்டி எத்தனை லீற்றர் கொள்ளும் என்பதைவிட, மீன் அதில் நீந்தித் திரும்ப முடியுமா என்பதே முதன்மையானது. கெளுத்திகள் பெரும்பாலும் அடித்தளத்தில் வாழ்பவை. ஆகவே உயரமான தொட்டியைவிட நீளமும் அகலமும் மிகுந்த தொட்டியே அவற்றுக்கு ஏற்றது. மீன் வளர்ப்போர் பின்பற்றும் பொதுவான அளவுகோல் பின்வருமாறு:

- தொட்டியின் நீளம், முழு வளர்ச்சியடைந்த மீனின் நீளத்தைப் போல் நான்கு மடங்காக இருத்தல் வேண்டும்.
- முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரையிலான அகலம் மீனின் நீளத்தைவிடக் குறையக்கூடாது. மிகப் பெரிய இனங்களுக்கு அது இரு மடங்காக இருப்பது நன்று.

தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து, மூன்றையும் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் அதன் கொள்ளளவு லீற்றரில் கிடைக்கும். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பதால் நீரின் எடையும் உடன் தெரிந்துவிடும்.

45 சென்ரிமீற்றர் வளரும் பிளெக்கோவுக்கு 180 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட தொட்டி வேண்டும். அதன் கொள்ளளவு 648 லீற்றர். ஒரு மீற்றர் வளரும் செவ்வால் கெளுத்திக்கு நான்கு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் நீராழமும் தேவை. அது 8,000 லீற்றர். அதாவது எட்டு தொன் நீர். வரவேற்பறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் இத்தொட்டியைச் சாதாரண அடுக்குமாடி வீட்டில் வைக்க இயலாது. பங்காசியஸ் கூட்டமாக வாழ்வதால் அதற்கு இன்னும் கூடுதலான இடம் வேண்டும். செவ்வால் கெளுத்தியும் பங்காசியஸும் வீட்டுத் தொட்டிக்கு உரியவை அல்ல என்பதே இக்கணக்கின் முடிவு.

வீட்டின் தளம் தாங்குமா?

648 லீற்றர் தொட்டியின் கண்ணாடி மட்டும் 100 கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டது. நீர், மணல், தாங்குமேடை ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த எடை 800 கிலோகிராமைத் தாண்டும். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் பரப்பில் அழுத்துகிறது. இந்நாட்டில் வீடுகளின் தளங்கள் பொதுவாகச் சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோகிராம் பாரத்தைத் தளம் முழுவதிலும் பரவலாகத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே மேல்மாடியில், குறிப்பாகப் பழைய வீடுகளின் மரத்தளத்தில், பெரிய தொட்டியை வைப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். நிலத்தோடு அமைந்த கொங்கிறீற் தளமே பெரிய தொட்டிக்கு ஏற்ற இடம்.

வாடகை வீட்டில் வசிப்போர் தமது ஒப்பந்தத்தைப் பார்வையிட்டு, வீட்டு உரிமையாளரிடம் எழுத்துமூல அனுமதி பெற்றுக்கொள்வது நன்று. கவுன்சில் வீடுகளிலும் வீடமைப்புச் சங்கங்களின் வீடுகளிலும் வசிப்போர் தமது வீடமைப்பு அலுவலரிடம் கேட்டறியலாம். தொட்டி உடைந்தாலோ கசிந்தாலோ கீழ்வீட்டிற்கு ஏற்படும் சேதத்தை வீட்டுக் காப்புறுதி ஈடுசெய்யுமா என்பதையும் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வடிகட்டி, நீர்மாற்றம், செலவு

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. வடிகட்டியில் வாழும் பக்ரீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய வடிகட்டியில் இந்தப் பக்ரீரியாக்கள் பெருகுவதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டியை வாங்கிய நாளன்றே மீனையும் இடுவது, மீன்கள் இறப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

இறுதியில் எஞ்சும் நைத்திரேற்றைப் பெரும்பாலும் நீர்மாற்றத்தின் மூலமே குறைக்க வேண்டும். 648 லீற்றர் தொட்டியில் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவதாயின், ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய 200 லீற்றர் நீர் செலவாகும். குழாய்நீரில் குளோரின் அல்லது குளோரமின் கலந்திருப்பதால், அதனை நீக்கும் திரவத்தைச் சேர்த்த பின்னரே நீரைத் தொட்டியில் விட வேண்டும். நீர்மானி பொருத்தப்பட்ட வீடுகளில் இது கட்டணத்தை உயர்த்தும். தொட்டியின் நீரை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் மின்கட்டணமும் கூடும். மீனின் விலை சில பவுண்களே. அதனைப் பேணும் செலவு அதனைப் போல் பன்மடங்கு.

தொட்டியின் உட்புறம்

பெரிய கெளுத்தி, தொட்டியினுள் இருக்கும் எதனையும் இடித்துத் தள்ளும் வலிமையுடையது. நீரைச் சூடாக்கும் கருவிக்குப் பாதுகாப்புக் கூடு இன்றேல், மீன் அதன்மேல் சாய்ந்து உடலைச் சுட்டுக்கொள்ளலாம். கருவியை உடைத்தும் விடலாம். சிறு கற்களைச் சில கெளுத்திகள் விழுங்கிவிடுவதால் மென்மையான மணலே உகந்தது. மூடி பாரமானதாக இருக்க வேண்டும்.

பெரிய கெளுத்திகள் பல இரவில் நடமாடுபவை. பகலில் ஒதுங்குவதற்கு மறைவிடம் இன்றி அமையாது. கெளுத்திகளின் செவிப்புலன் கூர்மையானது. ஆகவே தொலைக்காட்சி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகிலோ, அடித்துச் சாத்தப்படும் கதவின் பக்கத்திலோ தொட்டியை வைத்தலாகாது. வாயில் அடங்கும் எந்த மீனையும் செவ்வால் கெளுத்தி விழுங்கிவிடும் என்பதால், சிறு மீன்களை அதனுடன் சேர்த்து வளர்க்கவும் இயலாது.

சட்டம் கூறுவது

இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் வளர்ப்பு மீன்களுக்கும் பொருந்தும். பொருத்தமான வாழிடம், பொருத்தமான உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, இனத்தின் இயல்புக்கேற்பப் பிற விலங்குகளுடன் சேர்ந்தோ தனித்தோ வாழும் நிலை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகிய ஐந்து தேவைகளையும் நிறைவேற்ற நியாயமான நடவடிக்கை எடுப்பது வளர்ப்பவரின் கடமை. திரும்பவும் இடமில்லாத தொட்டியில் மீனை வைத்திருப்பது இக்கடமைக்கு முரணானது.

16 வயதிற்குட்பட்டோருக்கு மீன் உள்ளிட்ட எந்த விலங்கையும் விற்கக்கூடாது. அவ்வயதிற்குட்பட்ட பிள்ளையின் மீனுக்குப் பெற்றோரே பொறுப்பாளராகக் கருதப்படுவர்.

வண்ணமீன் கடைகளுக்கு உரிமம் வழங்குவது கவுன்சிலின் பணி. 2018 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, உரிமம் பெற்ற கடைகள் விற்கும் விலங்கின் பராமரிப்பைப் பற்றிய எழுத்துமூலத் தகவலை வாங்குபவருக்கு வழங்க வேண்டும். அத்தகவலைக் கேட்டுப் பெறுவதற்கு ஒருவரும் தயங்க வேண்டியதில்லை.

மீன் பெரிதாகிவிட்டால்

வளர்க்க இயலாத மீனைக் குளத்திலோ கால்வாயிலோ தேம்ஸ் ஆற்றிலோ விடுவது 1981 ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி குற்றமாகும். வெப்பவலய மீன்கள் இந்நாட்டின் குளிர்காலத்தில் இறந்துவிடும். அவற்றுடன் செல்லும் நோய்கள் உள்ளூர் மீன்களைத் தாக்கக்கூடும். வெப்பநாடுகளில் விளைவு இன்னும் கடுமையானது. வண்ணமீன் வாணிகத்தின் வழியாகச் சென்ற பிளெக்கோக்கள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்தும் உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்தும் வருகின்றன.

பொதுமக்கள் பார்வையிடும் மீன்காட்சியகங்கள் ஏற்றுக்கொள்ளும் என்றும் எதிர்பார்த்தலாகாது. ஒரு மீற்றர் வளரும் மீன்களுக்கு அவற்றிலும் இடம் அரிது. மீனை விற்ற கடையையும், மீன் வளர்ப்போர் சங்கங்களையும் மீன் நன்கு வளர்வதற்கு முன்னரே நாட வேண்டும். மீன் நோயுற்றுத் துன்புறுமாயின் விலங்கு மருத்துவரின் உதவியைப் பெற வேண்டும்.

சிறிய வீட்டிற்கு ஏற்ற கெளுத்திகள்

கெளுத்தி வளர்க்கும் விருப்பத்தைக் கைவிட வேண்டிய தேவையில்லை. பிரிசில்நோஸ் எனப்படும் அன்சிஸ்ட்ரஸ், பிளெக்கோவின் உறவினம், 12 முதல் 15 சென்ரிமீற்றர் வரையே வளரும், பாசியையும் தின்னும். 90 சென்ரிமீற்றர் நீளமும் 140 லீற்றர் அளவும் கொண்ட தொட்டி அதற்குப் போதுமானது. கோரிடோராஸ் எனப்படும் சிறு கெளுத்திகளில் பெரும்பாலானவை 7 சென்ரிமீற்றரைத் தாண்டுவதில்லை. ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவற்றைக் கூட்டமாக, 80 சென்ரிமீற்றர் நீளமான தொட்டியில் வளர்க்கலாம். மணலை மீசையால் துழாவி இரைதேடும் அவற்றின் நடமாட்டத்தைப் பகலிலேயே கண்டு மகிழலாம்.

வாங்குவதற்கு முன் விடை காண வேண்டிய வினாக்கள்

- மீனின் அறிவியற் பெயர் என்ன? "சுறா", "பாசி தின்னி" போன்ற வாணிகப் பெயர்கள் போதுமானவை அல்ல.
- முழு வளர்ச்சியில் அதன் நீளம் எவ்வளவு? எத்தனை ஆண்டுகள் வாழும்?
- அந்த நீளத்தின் நான்கு மடங்கு நீளமான தொட்டிக்கு வீட்டில் இடம் உண்டா?
- அத்தொட்டியின் மொத்த எடையைத் தளம் தாங்குமா? வீட்டு உரிமையாளரின் அனுமதி கிடைத்துள்ளதா?
- வாராந்த நீர்மாற்றத்தையும் மாதாந்தக் கட்டணங்களையும் குடும்பம் ஏற்குமா?
- வீடு மாற நேர்ந்தாலோ வெளியூர் செல்ல நேர்ந்தாலோ மீனைப் பராமரிப்பவர் யார்?

இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை "இல்லை" என்றோ "தெரியாது" என்றோ அமையுமாயின், சிறிய இனத்தைத் தெரிவுசெய்வதே தக்கது. உரிமமின்றி விலங்குகளை விற்கும் கடைகளைப் பற்றிய முறைப்பாடுகளைக் கவுன்சிலின் உரிமம் வழங்கும் பிரிவிடம் தெரிவிக்கலாம். ஆங்கிலத்தில் உரையாடுவதில் சிரமமுள்ள குடியிருப்பாளர்கள் தமிழ் மொழிபெயர்ப்பு உதவி கிடைக்குமா எனக் கேட்டறியலாம்.