வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பொய்! வயிறு குலுங்கச் சிரித்த ரசிகர்கள்!

சாயங்காலம் 6 மணி. கடற்கரை-தாம்பரம் மின்சார ரெயில். கூட்டம் பிதுங்குகிறது.

ஒருவர் கையில் செல்போன். அதில் பழைய சினிமா ஓடுகிறது. நாகேஷ் கதை சொல்கிறார். பாலையா கேட்கிறார். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவரும் எட்டிப் பார்க்கிறார். மாம்பலம் வருவதற்குள் நாலு பேர் சிரிக்கிறார்கள்!

படம், "காதலிக்க நேரமில்லை". 1964-ல் வந்தது. அறுபது ஆண்டு ஓடிவிட்டது. பலருக்கு வசனம் மனப்பாடம். ஆனாலும் சிரிப்பு வருகிறது. எப்படி?

வெறும் "ஜோக்" என்றால் ஒரு தடவைதான் சிரிப்பு வரும். இரண்டாம் தடவை சொன்னால், "கேட்டாச்சுப்பா, ஆளை விடு" என்பார்கள். இந்தப் படங்கள் அப்படி அல்ல. இதிலே வருகிறவர்களுக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். ஒருவனுக்கு வேலை வேண்டும். இன்னொருவனுக்குப் பணம் வேண்டும். அதற்காக ஒரு பொய். அங்கேதான் கூத்து ஆரம்பம்!

வேலைக்காக ஜோடி

1955-ல் வந்த "மிஸ்ஸியம்மா"வையே எடுத்துக்கொள்ளலாம். எல்.வி.பிரசாத் டைரக்ட் செய்த படம்.

பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேலை காலி. புருஷன்-பெண்டாட்டியாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஜெமினி கணேசனுக்கு வேலை இல்லை. சாவித்திரிக்குக் கடன்காரன் தொல்லை. அவர் இந்து, இவர் கிறிஸ்தவப் பெண். இரண்டு பேரும் தம்பதி என்று சொல்லி வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஊருக்கு முன்னால் குடும்பம். கதவைச் சாத்தினால் சண்டை! பாவம், ஜமீன்தார் ரங்காராவ் அதை அப்படியே நம்பி, சொந்தப் பிள்ளைகள் மாதிரி பாசத்தைக் கொட்டுகிறார். அவர் பாசம் காட்டக் காட்ட, இவர்கள் தவிக்கிறார்கள். ரசிகர்கள் சிரிக்கிறார்கள்.

மானேஜர் தங்கவேலு

1959-ல் "கல்யாண பரிசு". ஸ்ரீதர் டைரக்ட் செய்த முதல் படம். கதை என்னவோ சோகம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்த ஜனங்களைச் சிரிக்க வைத்தவர் தங்கவேலு.

மனுஷனுக்கு வேலை கிடையாது. அதை வீட்டில் சொல்ல முடியுமா? "மன்னார் அண்ட் கம்பெனியில் மானேஜர்" என்று அளந்து விடுகிறார். அந்தப் பொய் நாறியதும், பிரபல எழுத்தாளர் "பைரவன்" நான்தான் என்று அடுத்த பொய். மனைவியாக வந்தவர் எம்.சரோஜா. அவர் கேள்வி கேட்கக் கேட்க, தங்கவேலுவின் குரல் இழுக்கிறது, விழி பிதுங்குகிறது.

போர்டு மட்டும் இருந்து, உள்ளே ஒன்றும் இல்லாத கம்பெனியைப் பார்த்தால், "இது மன்னார் அண்ட் கம்பெனிப்பா" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு.

பாலையா முகம்

"காதலிக்க நேரமில்லை"யும் வேலை போனவன் கதைதான். எஸ்டேட்டில் வேலையை இழந்த ரவிச்சந்திரன், முதலாளி பாலையாவின் வீட்டு வாசலிலேயே போராட்டம் நடத்துகிறார். அப்புறம், "நான் கோடீஸ்வரன் மகன்" என்று புளுகி, நண்பன் முத்துராமனையே அப்பாவாக்கி, தாடி மீசையுடன் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

பாலையாவின் பிள்ளை செல்லப்பா. அதாவது நாகேஷ். "ஓஹோ புரொடக்ஷன்ஸ்" தொடங்கி சினிமா எடுக்க அப்பாவிடம் பணம் கறக்கவேண்டும். அதற்காகத்தான் அந்தப் பேய்க் கதை!

வாயாலேயே சத்தம் எழுப்பி மிரட்டுகிறார் நாகேஷ். பேசுவது அவர். ஆனால் சிரிப்பு வெடிப்பது பாலையாவின் முகத்தைப் பார்த்து! அவர் துளிகூடச் சிரிக்கவில்லை. நிஜமாகவே நடுங்குகிறார். அவர் சிரித்திருந்தால் காட்சி அப்போதே படுத்திருக்கும். ஸ்ரீதருக்கும் சித்ராலயா கோபுவுக்கும் அந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது.

டீக்கடை சாமியார்

அதே கோபு 1972-ல் தன்னுடைய நாடகத்தையே "காசேதான் கடவுளடா" என்று படமாக்கினார்.

வீட்டுப் பணம் எல்லாம் மனோரமா கையில். சல்லிக் காசு பெயராது. பையன்கள் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் தேங்காய் சீனிவாசனுக்குக் காவி கட்டி, சாமியார் என்று கூட்டி வந்துவிட்டார்கள். உடுப்பு சாமியார், வாய் மட்டும் மெட்ராஸ் பாஷை! எப்போது உளறப் போகிறாரோ என்று பையன்களுக்கு உதறல். மனோரமா மட்டும் பக்தியோடு கைகூப்பி நிற்கிறார்.

மீசை பாடுபடுத்தியது!

ஏமாற்றியவருக்கும் ஒரு காலம் வந்தது. 1981-ல் "தில்லு முல்லு". இந்த முறை ஏமாந்தவர், அதே தேங்காய் சீனிவாசன்!

"கோல்மால்" என்று 1979-ல் இந்தியில் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த படத்தை, கே.பாலசந்தர் தமிழில் எடுத்தார். முதலாளிக்கு மீசை இருந்தால்தான் மரியாதை. ரஜினிகாந்த் வேலை நேரத்தில் மேட்ச் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டார். "அது நான் இல்லே சார், மீசை இல்லாத என் தம்பி" என்று ஒரு பொய். பொய்யைக் காப்பாற்ற மீசையை எடுத்தார். வேலையைக் காப்பாற்ற ஒட்டு மீசை வைத்தார்!

ஒட்டு மீசை விழுந்தால் சம்பளம் போச்சு. அந்தப் பயம்தான் சிரிப்பு.

ரகசியம் இதுதான்

ஐந்து படத்திலும் கணக்கு ஒன்றே. பொய் என்று தியேட்டரில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஏமாறுகிறவருக்கு மட்டும் தெரியாது. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். எல்லாம் வயிற்றுப்பாட்டுக்காக. அதனால்தான் பொய் சொல்கிறவன்மேல் யாருக்கும் கோபம் வருவது இல்லை. "ஐயோ, மாட்டிக்கக் கூடாதே" என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தங்கவேலுவும் நாகேஷும் மனோரமாவும் மறைந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பொய் மட்டும் மறையவில்லை. ஏதாவது ஓர் ஆபீசில் காலை 10 மணிக்குப் போய் நின்று பார்த்தால் தெரியும்.

"ஊர்லே பாட்டிக்கு முடியலே சார். 2 நாள் லீவு..."

மானேஜர் நிமிர்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"போன வருஷம் செத்துப்போனாங்களே, அந்தப் பாட்டியா?"

"இல்லே சார்... இது... அம்மாவைப் பெத்த பாட்டி!"

ஆளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அடுத்த மேஜைக்காரர் பைலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்!