ஸ்டூடியோ அதிபர் பானுமதி அம்மையார்

திரைப்படத்தின் தொடக்கத்தில் ‘தயாரிப்பு’ என்று ஒரு பெயர் வரும். நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கதை வாங்குவதும், நடிகர்களுக்கு முன்பணம் தருவதும், படம் ஓடாவிட்டால் கடனைச் சுமப்பதும் அந்தப் பெயருக்கு உரியவர்தாம். தென்னாட்டில் இந்தப் பொறுப்பைத் துணிந்து ஏற்ற பெண்மணிகளுள் ஒருவர் திருமதி பி. பானுமதி ராமகிருஷ்ணா.

இன்றைய ஆந்திரத்தில் ஓங்கோல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1925-இல் பிறந்தவர். 1939-இல் ‘வர விக்ரயம்’ என்னும் தெலுங்குப் படத்தில் நடிக்க வந்தபோது, நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் வயதுதான். 1943-இல் திரைத்துறையைச் சேர்ந்த ராமகிருஷ்ணாவை மணந்தார். இருவரும் சேர்ந்து, மகன் பரணியின் பெயரால் ‘பரணி பிக்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினர்.

கைநிறையப் படங்கள் இருந்த நடிகைக்குச் சொந்த நிறுவனம் எதற்கு? 1955-இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’வைப் பாருங்கள். அதில் முதலில் நடித்தவர் பானுமதி. சில காட்சிகள் எடுத்தபின் தயாரிப்பாளரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு விலகினார். அவர் இடத்தில் சாவித்திரி நடித்தார்; படமும் பெருவெற்றி பெற்றது. எத்தனை புகழ் இருந்தாலும் நடிப்பவருக்கு மாற்று உண்டு. சொந்தப் படத்தில் அந்த அச்சம் இல்லை. 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் அவரே இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்தார். அக்காலத்தில் ஒரு பெண் இயக்குநர் நாற்காலியில் அமர்வதே அபூர்வம்!

பின்னர் சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோ எழுந்தது. தயாரிப்பாளரின் கவலை ஒரு படத்தோடு தீரும். ஸ்டூடியோ நடத்துபவருக்கோ நாள்தோறும் கவலை. படப்பிடிப்புத் தளத்தை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். விளக்குகளையும் கருவிகளையும் பழுதின்றி வைக்க வேண்டும். தளம் காலியாகக் கிடந்தாலும் தச்சருக்கும் மின்பணியாளருக்கும் சம்பளம் தந்தாக வேண்டும். 1977-இல் ‘பதினாறு வயதினிலே’ வந்தபின் இயக்குநர்கள் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டதால், ஸ்டூடியோக்களுக்கு வாடகை வரவு குறைந்தது.

அம்மையார் அப்போதும் ஓயவில்லை. 1982-இல் சிறுவர் சிறுமியரை மட்டுமே நடிக்க வைத்து ‘பக்த துருவ மார்க்கண்டேயா’ என்னும் படத்தை இயக்கினார். 2001-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2005 டிசம்பரில் சென்னையில் காலமானார்.