லியாரி கான்ஸ்டன்டைன்

தென்னமெரிக்காவின் வடகரையை அடுத்துக் கரிபியன் கடலில் டிரினிடாடு என்னும் தீவு உளது. அத்தீவில் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் லியாரி கான்ஸ்டன்டைன் பிறந்தார். ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாய்க் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல் அவர். தந்தையார் லெப்ரன் கொக்கோத் தோட்டமொன்றின் மேற்பார்வையாளர். கிரிக்கெட் எனப்படும் மட்டைப்பந்தாட்டத்தில் வல்லவர். வீட்டு முற்றமே மைந்தருக்கு முதற்பயிற்சிக் களமாயிற்று. பின்னாளில் தந்தையும் மைந்தரும் டிரினிடாடு அணியில் ஒருங்கே நின்று ஆடினர்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த கான்ஸ்டன்டைன், கருநிறத்தார் தம் நாட்டில் உயர்நிலை எய்துதல் அரிதென உணர்ந்தார். ஆட்டத்திறனே தமக்கு வழிகாட்டும் எனத் துணிந்தார். 1928-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் திடலில், மிடில்செக்ஸ் அணியை எதிர்த்து முதலில் 86 ஓட்டங்கள் எடுத்தார். பந்துவீசி எழுவரை வீழ்த்தினார். இறுதியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 103 ஓட்டங்கள் குவித்து, தோற்கும் நிலையிலிருந்த தம் அணிக்கு வெற்றி தேடித் தந்தார்.

இவ்வாட்டத்தின் புகழ் பரவவே, இங்கிலாந்தின் நெசவாலை நகராகிய நெல்சன் அவரை வரவேற்றது. 1929 முதல் 1937 முடிய ஒன்பது பருவங்கள் அந்நகரக் கழகத்திற்கு ஆடினார். அவற்றுள் ஏழில் அக்கழகமே முதலிடம் பெற்றது. நிறம் கண்டு முதலில் வியந்தோரும் வெறுத்தோரும் உண்டு. எனினும் நாளடைவில் நகர மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே போற்றினர்.

1943-ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு விடுதியில், முன்னரே இடம் உறுதிசெய்துகொண்டு, மனைவியோடும் மகளோடும் சென்றார். அங்குத் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர் வெறுப்பர் எனக் கூறி, ஓரிரவுக்குமேல் இடந்தர விடுதியார் மறுத்தனர். நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் அந்நாளில் இல்லை. ஆயினும், வழிப்போக்கரைத் தக்க காரணமின்றி விடுதியாளர் விலக்கலாகாது என்னும் பழைய பொதுச்சட்ட நெறி இருந்தது. அதனைப் பற்றி அவர் வழக்குத் தொடுத்தார். 1944-இல் வெற்றி அவருக்கே கிடைத்தது. இழப்பீடு ஐந்து கினிப் பொன்னே. ஆயினும், மானத்திற்கு நிறமில்லை என்பதை நாடறியச் செய்த தீர்ப்பு அது.

பின்னர்ச் சட்டம் பயின்று 1954-இல் வழக்கறிஞரானார். டிரினிடாட்டில் அமைச்சராகவும், பின்னர் இலண்டனில் அந்நாட்டின் தூதராகவும் பணிபுரிந்தார். பொதுவிடங்களில் நிறவேற்றுமை காட்டலை விலக்கும் முதற்சட்டம் பிரித்தானியாவில் 1965-இல் இயற்றப்பட்டது. 1969-இல் பிரபுக்கள் அவையில் இடம்பெற்ற முதற் கருநிறத்தவர் என்னும் பெருமையும் அவரை அடைந்தது. 1971-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அவர் மறைந்தார்.

ஆடுகளத்தில் பெற்ற புகழ் தம் அளவில் நின்றுவிடாது, தம் இனத்தார் தலைநிமிர்ந்து வாழத் துணையாகுமாறு செய்தமையே கான்ஸ்டன்டைனின் பெருமை. திறமை ஒருவனை உயர்த்தும். அத்திறமையோடு நெஞ்சுரமும் கூடின் அது பலரை உயர்த்தும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.