சிக்கெடுப்பதும் ஓர் அறிவியலே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பொமரேனியன் நாயை ஆசையோடு வளர்ப்போர் பலர். அதன் காதுக்குப் பின்னும் கால் இடுக்கிலும் திரளும் சிக்கைக் கவனிப்போர் சிலரே. சிக்கு தோலை இழுத்து வலி தரும். அதனடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். ஈ மொய்த்தால் புழுவும் வைக்கும்.

சிக்கு ஏன் விழுகிறது? உரோமம் கெராட்டின் என்னும் புரதத்தாலானது. அதன் மேற்பரப்பில் நுண்செதில்கள் கூரை ஓடுகள்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்வும். கம்பளி துவைக்கையில் சுருங்கி இறுகுவதும் இதனாலேயே. ஆகவே, சிக்கெடுத்த பின்னரே குளிப்பாட்ட வேண்டும்.

முதலில் மக்காச்சோள மாவைத் தூவி விரலால் சிக்கைப் பிரிக்கவேண்டும். பின் தோலையொட்டிய அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கம்பித் தூரிகையால் நுனியிலிருந்து சிறிது சிறிதாக அடிநோக்கி வரவேண்டும். இழுப்பைக் கை தாங்குவதால் வலி தோலை எட்டாது. இறுதியில் எஃகுச் சீப்பு தடையின்றி ஓடவேண்டும். கத்தரிக்கோல் கூடாது, சிக்கோடு எழும்பி வரும் தோலும் வெட்டுப்படும். மிக இறுகியதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி மழிப்பதே நலம்.

பள்ளி செல்லாத என் தாயார் தங்கையின் தலைச்சிக்கை இவ்வாறுதான் எடுப்பார். அதன் காரணத்தை நான் கல்லூரியில் கற்றேன். வாயில்லா உயிர்களுக்கும் அந்தப் பொறுமையைக் காட்டுவோம்!