வெறுங்கையில் கலந்த மருந்து

1970களின் தொடக்கம். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய் வார்டு. நர்ஸ்கள் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் கை கழுவும் தொட்டி. அதன் ஓரத் திட்டில் மருந்துக் குப்பிகள், சிரிஞ்சுகள், யாரோ பாதி குடித்து வைத்த காபி. குப்பிக்குள் இருக்கும் பொடியில் திரவத்தை ஏற்றிக் குலுக்கி, சிரிஞ்சில் இழுத்து, காற்றுக் குமிழியை வெளியேற்ற ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்துவார் நர்ஸ். இரண்டு சொட்டு காற்றில் தெறிக்கும். கையில் உறை கிடையாது. மிச்சம் மீதி மருந்து தொட்டியோடு போகும். இதைக் கவனக்குறைவு என்று எவரும் நினைக்கவில்லை. பென்சிலினையும் அப்படித்தான் கலந்தார்கள்.

இன்று அதே ஊரில் அதே மருந்து வேறு வழியில் வருகிறது. பார்மசியில், காற்றை உறிஞ்சி வடிகட்டும் அடைப்புப் பெட்டிக்குள் கலந்து, மூடி முத்திரையிட்ட பையாக நர்ஸின் கைக்கு வந்து சேர்கிறது. அவர் இரட்டைக் கையுறையும் திரவம் ஊடுருவாத கவுனும் போட்டுக்கொள்கிறார். இன்னொரு நர்ஸ் வந்து நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனியாகச் சரிபார்த்த பிறகே டிரிப் திறக்கப்படுகிறது. வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிக்கும் ஒரு பாடம் உண்டு: இரண்டு நாளைக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும், துணியைத் தனியாகத் துவையுங்கள், சுத்தம் செய்பவர் கையுறை போடட்டும்.

கருவிகள் மேம்பட்டுவிட்டன, அதனால் வந்த மாற்றம் என்று சொல்லிவிடலாம். கருவி வேண்டும் என்று முதலில் கேட்டது யார் என்று தேடிப் போனால், ஒரு சங்கத்தின் வாசலில் போய் நிற்போம்.

ஆளைத் தேடிச் சேர்ந்தவர்கள்

1971 டிசம்பர் 23 அன்று அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியது. புதுப்புது மருந்துகள் சோதனைக்கு வந்தன. மருத்துவர்கள் அதற்கு முன்பே அணி திரண்டிருந்தார்கள். 1964இல் ஜேன் ரைட் என்ற கறுப்பினப் பெண் மருத்துவர் உட்பட ஏழு பேர் சிகாகோவில் கூடி, புற்றுநோய் மருத்துவர்களுக்கென்று ‘ஆஸ்கோ’ சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1973இல் புற்றுநோய் மருத்துவத்துக்கெனத் தனித் தேர்வும் அவர்களுக்கு வந்துவிட்டது.

நர்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. நரம்பில் மருந்து ஏற்றுவது வர வர அவர் வேலையாகிக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்தவர் முந்தைய ஷிப்டில் இருந்த இன்னொரு நர்ஸ். 1974இல் விற்பனைக்கு வந்த டாக்ஸோரூபிசினை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பு நிறம். நர்ஸ்களும் நோயாளிகளும் அதற்கு வைத்த பெயர் ‘சிவப்புப் பிசாசு’. நரம்பை விட்டுச் சதைக்குள் கசிந்தால் அந்த இடமே வெந்து புண்ணாகும். கசிந்த உடனே ஐஸ் வைப்பதா, சூடு ஒத்தடம் கொடுப்பதா? இந்த மருந்துக்கு ஐஸ், வின்கிரிஸ்டின் என்ற மற்றொரு மருந்துக்குச் சூடு என்று இன்று கேட்டவுடன் சொல்வார்கள். டாக்ஸோரூபிசின் கசிவுக்கு 2007 முதல் தனி முறிமருந்தே இருக்கிறது. அன்று வார்டுக்கொரு வழக்கம். ஒரு நோயாளியின் கையைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் அந்த வார்டின் கதவைத் தாண்டாது. அந்த நர்ஸ் வேலையை விட்டுப் போனால் பாடமும் கூடவே போய்விடும்.

1973இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து, புற்றுநோய் நர்ஸ்களுக்காக ஒரு தேசிய மாநாட்டை நடத்தின. மாநாடு முடிந்த பிறகு இருபது நர்ஸ்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். நமக்கென்று ஓர் அமைப்பு வேண்டாமா என்பதுதான் பேச்சு. 1975இல் ‘ஆன்காலஜி நர்சிங் சொசைட்டி’ பதிவானது. சான்றிதழோ பாடத்திட்டமோ சம்பள உயர்வோ தரும் நிலையில் அது அன்று இல்லை. சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது, இதே வேலையை இதே பயத்தோடு செய்யும் மற்றவர்களின் பெயரும் முகவரியும்தான்.

முகவரி ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ‘உங்களுக்குப் புற்றுநோய்’ என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே நல்லது என்றவர்கள் சுமார் 90 சதவீதம். 1979இல் அதேபோன்ற கணக்கெடுப்பில் 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டில் இப்படித் தலைகீழானது பெரிய மாற்றம்தான். அந்த இடைப்பட்ட காலத்தில் இரவு இரண்டு மணிக்கு, “சிஸ்டர், எனக்கு என்ன வியாதி?” என்ற கேள்வியை வாங்கிக்கொண்டவர் நர்ஸ். சொல்ல அதிகாரமில்லை, பொய் சொல்ல மனமில்லை. வீட்டிலும் பேச முடியாத இந்தச் சங்கடத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு நர்ஸால்தான் முடியும்.

பெயர்ப்பட்டியல் விதிநூலானது

1979இல் பின்லாந்திலிருந்து ஒரு செய்தி ‘லான்செட்’ இதழில் வந்தது. புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் நர்ஸ்களின் சிறுநீரைச் சோதித்ததில், மரபணுவை மாற்றவல்ல பொருள்களின் தடயம் தெரிந்தது. நோயாளிக்குக் கொடுத்த மருந்து, கொடுத்தவர் உடம்பிலும் புகுந்திருக்கிறது. முடி கொட்டுகிறது, தலை சுற்றுகிறது என்று ஒரு நர்ஸ் தனியாகச் சொன்னால் அது அவருடைய உடல்வாகு. பல நூறு பேர் சேர்ந்து கேட்டால் அது பணியிடத்தின் ஆபத்து. 1980களின் நடுவில் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் வெளிவந்தன. 1986இல் அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கான அரசுத் துறையும் இந்த மருந்துகளைக் கையாளத் தன் வழிகாட்டியை வெளியிட்டது. காபிக் கோப்பை மருந்து கலக்கும் இடத்தை விட்டுப் போனது இப்படித்தான்.

அதே 1986இல்தான் புற்றுநோய் நர்ஸுக்கான முதல் சான்றிதழ்த் தேர்வும் நடந்தது. மருத்துவருக்கு அந்தத் தேர்வு வந்து பதின்மூன்று ஆண்டு கழித்து.

விதி வந்துவிட்டால் தவறு நின்றுவிடுமா? 1994இல் பாஸ்டனில் பெயர்பெற்ற புற்றுநோய் மையம் ஒன்றில், நான்கு நாளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய மருந்தின் மொத்த அளவு ஒவ்வொரு நாளும் ஏற்றப்பட்டது. நான்கு மடங்கு மருந்து. அந்த நோயாளி இறந்துபோனார். மருத்துவர், மருந்தாளுநர், நர்ஸ் என்று பல கண்களைத் தாண்டிப் போன தவறு அது. எழுதியவர் பெரியவர், சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்று அது காட்டியது. ‘இந்த அளவு சரியில்லை, ஏற்ற மாட்டேன்’ என்று நர்ஸ் சொல்லத் துணிச்சல் மட்டும் போதாது. கையில் எழுதிவைத்த விதி வேண்டும். 2009இல் ஆஸ்கோவும் நர்ஸ்களின் சங்கமும் சேர்ந்து கீமோ கொடுப்பதற்கான பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டன. இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கும் முறைக்கு இன்று பின்பலமாக நிற்பவை இவை போன்ற நெறிகள்தான்.

வாந்திப் பாத்திரம் போய், தொலைபேசி வந்தது

1978இல் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தபோது, கீமோ வார்டின் அடையாளம் வாந்தி பிடிக்கும் கிட்னி டிரே. ஒருவருக்கு ஒன்று போதாமல் இரண்டு மூன்று வைத்திருப்பார்கள். நர்ஸின் ஷிப்டில் பெரும்பகுதி ஏந்துவதும் கழுவுவதும் அளப்பதும். 1991இல் ஆண்டான்செட்ரான் வந்தது. வாந்தி கட்டுக்குள் வந்தது. படுக்கை வார்டில் நடந்த சிகிச்சை, காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் சாய்வு நாற்காலிக்கு மாறியது. அடுத்து மாத்திரைகள் வந்தன. நோயாளி வீட்டிலேயே விழுங்கத் தொடங்கினார்.

நர்ஸுக்கு வேலை குறைந்ததா என்றால், இடம் மாறியது. கண்ணெதிரே இருந்த நோயாளி இப்போது தொலைபேசியின் மறுமுனையில். “மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, மாத்திரை போட்டு நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்கிறார். பழைய கீமோவில் ஊறிய நர்ஸுக்கு இது பழகிய தொல்லை. ஆனால் அந்த நோயாளி 2011இல் வந்த இபிலிமுமாப் போன்ற நோய் எதிர்ப்புச் சிகிச்சையில் இருந்தால், அதே வயிற்றுப்போக்கு குடலையே உடம்பு தாக்குவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். சாதாரணமாக எடுத்துக்கொண்டால் குடல் ஓட்டையாகும் வரை போகும். முப்பது வருட அனுபவம் இங்கே வழி தவற வைக்கும். எத்தனை சீனியராக இருந்தாலும் இந்த மருந்தின் முன் எல்லோரும் மறுபடி முதல் நாள் மாணவர்கள். சங்கத்தின் கீமோ பாடம் இன்று கீமோவும் நோய் எதிர்ப்புச் சிகிச்சையும் சேர்ந்த பாடமாகியிருக்கிறது. அந்தப் பாடத்தை முடித்துப் பெறும் சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுதான்.

சேர்வது சுலபம்

இன்று அந்தச் சங்கத்தில் 35,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். தலைமையகம் பிட்ஸ்பர்க்கில். மதிய உணவு இடைவேளையில் கைபேசியிலேயே படிவத்தை நிரப்பி, கார்டில் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிடலாம். ஆய்விதழ், கட்டணச் சலுகையில் வகுப்புகள், மாநாட்டு அனுமதி எல்லாம் உடனே கிடைக்கும். தேர்வு எழுதிப் பெற்ற சான்றை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான மதிப்பெண்களைச் சேர்ப்பதற்காகவே பலர் சேர்கிறார்கள்.

அன்றைய ஆட்களுக்கு இதில் ஒரு குறை தெரியக்கூடும். கூட்டத்துக்கு வந்து பேசுகிறவர்களை விட, வீட்டில் உட்கார்ந்து வகுப்பை முடித்து மதிப்பெண் வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மாநாட்டு அரங்குகளில் மருந்து நிறுவனங்களின் ஸ்டால்கள் பளபளக்கின்றன. எந்தத் தகவல் சிகிச்சைக்கானது, எது விற்பனைக்கானது என்று பிரித்துப் பார்ப்பதும் ஒரு வேலையாகிவிட்டது. சங்கம் பெரிதானதற்கான விலை இது. அதற்காக 1975இன் பெயர்ப்பட்டியல் காலத்துக்குத் திரும்பிப் போக யாரும் விரும்ப மாட்டார்கள். விதிநூல் இல்லாத நட்பு, கையுறை இல்லாத கையைக் காப்பாற்றவில்லை.

நம் ஊர் வாசலில்

இந்தக் கதையை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2025–26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம் அமைக்க உதவுவோம், முதல் ஆண்டில் 200 மையங்கள் என்று அறிவித்தார்கள். நல்ல செய்தி. கீமோவுக்காக விடியற்காலையில் பஸ் ஏறிச் சென்னைக்கோ மதுரைக்கோ வந்து, அலுத்துச் சலித்துத் திரும்பும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.

நர்ஸுக்கு இதன் பொருள் வேறு. 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில் ஒரு நர்ஸுக்குச் சந்தேகம் வந்தால், பக்கத்து வார்டில் இருபது வருடம் இதே வேலை பார்த்த அக்கா ஒருவர் இருப்பார். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நேற்று வரை பிரசவ வார்டிலோ விபத்துப் பிரிவிலோ இருந்தவர் நாளை டாக்ஸோரூபிசின் ஏற்ற வேண்டியிருக்கும். கேட்க அந்தக் கட்டடத்தில் ஆள் இருக்காது. 1973இல் அந்த இருபது பேர் எந்த இடத்திலிருந்து புறப்பட்டார்களோ, கிட்டத்தட்ட அதே இடம்.

நம்மிடம் அமைப்பு இல்லாமல் இல்லை. இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கம் 1908 முதல் இருக்கிறது. பட்டயம் முடித்தவர்கள் புற்றுநோய் செவிலியத்தில் மேலும் ஓராண்டு சிறப்புப் பட்டயம் படிக்க வழியும் இருக்கிறது. ஆனால் சங்கம் என்றதும் நம் மருத்துவமனைகளில் பலருக்கும் இடமாறுதலும் பணி நிரந்தரமும் ஊதியக் குழுவும்தான் நினைவுக்கு வரும். அவை வேண்டும், அவற்றுக்காகப் போராடியவர்களால்தான் இந்த வேலையில் இவ்வளவு மரியாதையாவது மிஞ்சியிருக்கிறது. அதே சங்கத்தில், அல்லது அதன் பக்கத்தில், ‘ஊசி போட்ட இடம் சிவக்கிறது, என்ன செய்ய?’ என்று கேட்க ஒரு மூலை வேண்டும். அப்படிக் கேட்பதை அறியாமை என்று சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்றாத மூலை.

சேலத்திலோ ராமநாதபுரத்திலோ ஒரு நாள் காலை புதிய மையத்தில் முதல் நோயாளி நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டுவார். மருந்து வந்திருக்கும், நாற்காலி வந்திருக்கும், திறப்பு விழாக் கல்வெட்டும் வந்திருக்கும். அந்த நர்ஸின் கைபேசியில், அப்போதே கூப்பிட்டால் எடுக்கிற ஒரு சீனியர் சிஸ்டரின் எண் இருக்கிறதா என்பதையும் யாராவது பார்த்திருக்க வேண்டும்.