காடும் சத்திரமும்: ஜெர்மனியின் கருங்காட்டுக் கதைகளும் தொண்டைநாட்டுத் தொழில்வழியும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காடு கதைகளுக்குப் பெயர்பெற்ற வனப்பகுதி. அக்கதைகளின் பின்னணியில் நிற்போர் மரவணிகர், தெப்பக்காரர், கரி சுடுவோர், கண்ணாடி ஊதுவோர், விடுதியில் இராத்தங்கிய வழிப்போக்கர் ஆகியோரே என்பதை முர்க் பள்ளத்தாக்கின் ஒருநாள் பயணவழியைப் பின்தொடர்ந்து இக்கட்டுரை விளக்குகிறது. பழையனூர் நீலி கதையோடு ஒப்பிட்டு, சுங்குவார்சத்திரம் – ஒரகடம் தொழிற்பகுதியும் நாட்டார் வழக்காற்றியலின் களமே என்று கூறுகிறது.

திறவுச்சொற்கள்: கருங்காடு, ஹௌஃப், பழையனூர் நீலி, சத்திரம், தொழில்சார் வழக்காறு

முன்னுரை

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே அமைந்த சுங்குவார்சத்திரம், வழிப்போக்கர் தங்கும் இடம் ஒன்றைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. இன்று அவ்வூரைச் சுற்றிலும் மின்னணுக் கருவிகளும் வாகனங்களும் உற்பத்தியாகின்றன. அருகிலுள்ள ஒரகடத்தில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டைம்லர் சரக்குந்து ஆலையின் தாய்நிறுவனம் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனத்தின் பழைய ஆலைகளுள் ஒன்று காகெனாவ் என்னும் சிறுநகரில், கருங்காட்டின் வடவிளிம்பில், முர்க் ஆற்றங்கரையில் இருக்கிறது.

நாட்டார் கதை தேடும் ஆய்வாளர் கொல்லிமலைக்கும் சவ்வாதுமலைக்கும் செல்வது வழக்கம். ஒரகடத்திற்குச் செல்ல நினைப்போர் அரியர். கதைக்கு மலையும் காடும் தொன்மையும் வேண்டும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் உருவாகப் பெருங்காரணமாக அமைந்தது ஜெர்மானிய மரபு. ஆனால் அம்மரபின் சொந்தக் காட்டில் நடந்து பார்த்தால் வேறொரு செய்தி புலப்படுகிறது.

முர்க் பள்ளத்தாக்கு வழியாக

ராஸ்டாட்டிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டாட் வரை செல்லும் இருப்புப்பாதை முர்க் ஆற்றை ஒட்டியே மேலேறுகிறது. முதலில் வருவது காகெனாவ். இரும்பு வேலையில் தொடங்கிய இவ்வூர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்ஸ் நிறுவனத்தின் சரக்குந்து உற்பத்திக் களமாயிற்று. அடுத்துள்ள கெர்ன்ஸ்பாக்கும் ஃபோர்பாக்கும் மரவணிக ஊர்கள். முர்க் ஆற்றின் மரவணிகர் 15ஆம் நூற்றாண்டிலேயே தமக்கென விதிமுறை வகுத்துக்கொண்ட கூட்டமைப்பினர். வெட்டிய மரங்கள் ஆற்றில் மிதக்கவிடப்பட்டு, ரைன் ஆற்றில் பெருந்தெப்பங்களாகக் கட்டப்பட்டு, ஹாலந்து வரை சென்றன. கப்பல் கட்டவும் ஆம்ஸ்டர்டாமின் சதுப்பு நிலத்தில் அடித்தள முளைகள் அறையவும் அங்கே நெடுமரம் தேவைப்பட்டது.

மேலே பையர்ஸ்ப்ரோன் பகுதியில் உள்ள பூல்பாக்கில் 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தொடங்கிய கண்ணாடி ஆலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இயங்கியது. கண்ணாடி உருக்க விறகு வேண்டும். உலைக்கூட்டில் சேர்க்கும் சாம்பல் உப்பிற்கும் மரமே எரிக்கப்பட்டது. கப்பலும் கண்ணாடியும் கரியுமாகக் காடு கரைந்தது. 1800ஆம் ஆண்டையொட்டிக் கருங்காட்டின் பெரும்பரப்பு மொட்டையாக இருந்தது. இன்று பயணி காணும் அடர்ந்த ஊசியிலைக் காட்டில் பெரும்பகுதி அதன்பின் நட்டு வளர்த்த ஸ்ப்ரூஸ் மரங்களே. தொன்மையானது என எண்ணப்படும் காடு, அதில் நடப்பதாகச் சொல்லப்படும் கதைகள் சிலவற்றைவிட இளையது.

உறைந்த இதயம்

அக்கதைகளுள் புகழ்மிக்கது, ஸ்டுட்கார்ட்டில் பிறந்து 25 வயது நிறையுமுன் 1827இல் மறைந்த வில்ஹெல்ம் ஹௌஃப் எழுதிய ‘குளிர்ந்த இதயம்’. கரி சுடும் ஏழை இளைஞன் பீட்டர் முங்க், தெப்பக்காரரின் செல்வத்தையும் கண்ணாடித் தொழிலாளரின் மதிப்பையும் கண்டு ஏங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்க்கு வரம் தரும் கண்ணாடிக் குள்ளனிடம் பணமும் ஆடல்திறமும் ஆலையும் கேட்டுப் பெறுகிறான். தொழில் அறியாததால் ஆலையை இழக்கிறான். பின்னர் ஹாலண்டர் மிஷெல் என்னும் பேருருவ மரவெட்டியிடம் தன் இதயத்தைக் கொடுத்துப் பெரும்பணமும் கல்லிதயமும் பெறுகிறான். வட்டிக்கு விடுகிறான்; இரவலனுக்கு உணவளித்த மனைவியை அடித்துக் கொல்கிறான். இறுதியில் தந்திரத்தால் இதயத்தை மீட்கிறான்; மனைவியும் உயிர்பெறுகிறாள்.

இக்கதையின் தீய ஆவி பழங்காலப் பேயன்று என்பது கருதத்தக்கது. மரத்தை அருகிலுள்ள சந்தையில் விற்காமல் ஹாலந்து வரை கொண்டு சென்றால் பன்மடங்கு விலை கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தவன் அவன். ஏற்றுமதி வணிகமே ஆவியுருப் பெற்று நிற்கிறது. கண்ணாடிக் குள்ளனோ கைத்தொழிலின் காவலன். மேலும், இவ்விருவரும் மக்கள் வாய்மொழியிலிருந்து அப்படியே திரட்டப்பட்டவர் அல்லர். பெரும்பாலும் ஹௌஃபின் படைப்பு. ஆயினும் இன்று பையர்ஸ்ப்ரோனில் அவருக்கு ஒரு கதை அருங்காட்சியகம் உண்டு. நொய்யன்பூர்க் கோட்டையில் இக்கதை காட்சியாக அமைக்கப்பட்டிருக்கிறது. நகரத்து இளைஞர் ஒருவர் எழுதிய கதை, காட்டின் தொல்மரபாக மாறிவிட்டது. வழக்காறு எழுத்திலிருந்தும் ஊருக்குள் இறங்கும் என்பதற்கு இது தக்க சான்று.

விடுதிகள்

ஃப்ராய்டன்ஸ்டாட்டிலிருந்து பாடன்-பாடனுக்குத் திரும்பும் மலைமுகட்டுச் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1999 டிசம்பர் 26 அன்று வீசிய லோதார் புயல் சாய்த்த மரங்களை ஓரிடத்தில் அப்படியே விட்டுவைத்து, அவற்றினூடே நடைவழி அமைத்துள்ளனர். சற்று அப்பால், 1,036 மீட்டர் உயரத்தில் மும்மெல்ஸே ஏரி. அதன் நீர்மகளிரையும் நீரரசனையும் பற்றிய கதைகள் பல. ஏரியில் கல்லெறிந்தால் புயல் எழும் என்னும் நம்பிக்கையை 17ஆம் நூற்றாண்டில் கிரிம்மெல்ஸ்ஹௌசன் தம் ‘சிம்ப்ளிசிசிமுஸ்’ நாவலில் பயன்படுத்தினார். அவர் அவ்வட்டாரத்தில் விடுதி நடத்தியவர். கிரிம் சகோதரர்களுக்கு மிகுதியான கதை சொன்னவர்களுள் ஒருவரான டோரதேயா ஃபீமன், காஸல் அருகே சாலையோர விடுதிக்காரரின் மகள். வண்டிக்காரரும் வணிகரும் வந்துபோன இடத்தில் வளர்ந்தவர். ஹௌஃபின் கதையும், ‘ஸ்பெஸார்ட் விடுதி’ என்னும் சட்டகக் கதைக்குள், கொள்ளையருக்கு அஞ்சி உறங்காதிருக்கும் பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்வதாகவே அமைந்துள்ளது.

பழையனூர் ஆலங்காடு

தொண்டைநாட்டிலும் காட்டின் பெயர் தாங்கிய ஒரு பெருங்கதை உண்டு. சுங்குவார்சத்திரத்திற்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதை அது. வழிச்செல்லும் வணிகனைப் பின்தொடர்ந்த பேய்மகள், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவி எனச் சாதிக்கிறாள். ஊர் வேளாளர் எழுபதின்மர் அவனுயிருக்குத் தம்முயிரைப் பிணையாக வைத்து இருவரையும் ஓரிடத்தில் தங்கவைக்கின்றனர். இரவில் அவன் கொல்லப்பட, சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். சம்பந்தரின் பதிகமே இந்நிகழ்வைச் சுட்டுவதாகக் கொள்வர்.

பொதுவாக இக்கதை பேய்க்கதையாகவோ வேளாளர் வாய்மைக்குச் சான்றாகவோ படிக்கப்படுகிறது. அதைப் பயணக் கதையாகவும் படிக்கலாம். அயலூரில் இராத்தங்கும் வணிகனுக்கு யார் பொறுப்பு என்பதே அதன் மையக் கேள்வி. கருங்காட்டில் பிணையாக வைக்கப்படுவது இதயம், ஆலங்காட்டில் உயிர். முன்னதில் பணம் பெறும் தனியொருவனின் பேரம். பின்னதில் அந்நியனுக்காக ஊரே ஏற்கும் பொறுப்பு. இந்த வேறுபாடு, பேய்மகளின் உருவத்தைவிட ஆய்வுக்கு உரியது.

தொழிற்பகுதி என்னும் களம்

நாட்டார் பாடல்களையும் கதைகளையும் சமூக வரலாற்றுச் சான்றுகளாகப் படிக்கும் நெறியைத் தமிழில் நா. வானமாமலை நிலைநிறுத்தினார். கருங்காட்டிற்கு அருகிலுள்ள ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் பௌசிங்கர், தொழில்நுட்ப உலகில் மக்கள் பண்பாடு குறித்த தம் நூலை 1961இல் வெளியிட்டார். எந்திரம் வந்ததும் மக்கள் வழக்காறு மறைவதில்லை. எந்திரத்தையே தன் பொருளாக ஆக்கிக்கொள்கிறது என்பது அவர் வாதம். இவ்விரு நெறிகளும் சந்திக்கத்தக்க இடம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்.

ஏரிக்கரைத் தெய்வங்களை அறிந்த முதியோர் அங்கே ஒருபுறம். பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து, முறைப்பணி முடிந்து அறை திரும்பும் இளையோர் மறுபுறம். முன்னவரிடம் திரட்டுவதற்கு முறைகள் உள்ளன. பின்னவரிடம் என்ன கேட்பது என்பதற்கு வினாநிரல்கூட இனிமேல்தான் வகுக்கப்பட வேண்டும். இரவு முறைப்பணியில் சொல்லப்படும் கதைகள், எந்திரத்திற்குச் செய்யும் ஆயுதபூசை, ஆலைப் பேருந்தில் பாடப்படும் பாட்டு, கைப்பேசிவழிப் பரவும் அச்சங்கள், ஊர்ப்பேயை உடன்கொண்டு வந்தவர் அதை விடுதி அறையில் எங்கே குடிவைக்கிறார் என்பது ஆகியவற்றிலிருந்து அதனைத் தொடங்கலாம்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஹௌஃபின் ஸ்பெஸார்ட் விடுதியில் விழித்திருந்து கதை சொன்னவர் ஒரு சிலரே.