மன்னரையும் மடக்கிய 'மைனஸ் ஃபோர்'

நாலே வார்த்தையில் எதிராளியின் வாயை அடைக்கும் கலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'போன் மோ'. நேர்ப்பொருள் 'நல்ல சொல்'. ஆங்கிலேயர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மீதே அதைப் பிரயோகித்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பொக்கை வாய்ச் சிரிப்புக்காரரான மோகன்தாஸ் காந்தி.

1931 செப்டம்பர். இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போகும் வழியில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்குகிறார். என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்கிறார் சுங்க அதிகாரி. ஏழைப் பரதேசியான தன்னிடம் இருப்பவை ஆறு கைராட்டைகள், சிறையில் புழங்கிய தட்டுகள், ஒரு டப்பா ஆட்டுப்பால், ஆறு கதர்த் துணிகள், துண்டுகள் என்று பட்டியல் போட்ட காந்தி கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்: அதிகம் விலைபோகாத தன் நற்பெயர். எந்தச் சுங்கச்சாவடியிலும் வரி போட முடியாத சரக்கு!

லண்டன் நிருபர்களுக்கோ அவருடைய இடுப்புத் துணி மீதுதான் கண். அன்றைய கனவான்கள் கோல்ஃப் ஆட அணிந்த தொளதொள கால்சட்டைக்கு 'பிளஸ் ஃபோர்' என்று பெயர். முழங்காலுக்குக் கீழே நாலு அங்குலம் கூடுதல் என்பது கணக்கு. "நீங்கள் போடுவது பிளஸ் ஃபோர், என்னுடையது மைனஸ் ஃபோர்" என்றார் காந்தி. நவம்பரில் அதே உடையில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தார். அந்த உடை போதுமா என்று கேட்டவர்களுக்கு, இருவருக்கும் சேர்த்து மன்னரே அணிந்திருந்தார் என்று பதில் வந்ததாம்.

வேடிக்கை என்னவென்றால், உலகம் அதிகம் மேற்கோள் காட்டுவது இவற்றை அல்ல. மேற்கத்திய நாகரிகம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, "அப்படி ஒன்று இருந்தால் நல்லதுதான்" என்ற பொருளில் அவர் சொன்னதாக உலவும் பதிலைத்தான். அதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தடயம் 1967-ல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. காந்தி மறைந்து 19 ஆண்டுகள் கழித்து! சொல்லியிருக்கக்கூடியவர் என்பதாலேயே ஒட்டிக்கொண்டது போலும்.

சந்தேகத்துக்கே இடமில்லாதது 1944 ஜூலையில் அவர் எழுதிய கடிதம். 'அரை நிர்வாணப் பக்கிரி' என்று 1931 பிப்ரவரியில் ஏசிய சர்ச்சில் அப்போது பிரிட்டனின் பிரதமர். ஆகா கான் மாளிகைச் சிறையில் மகாதேவ தேசாயையும் கஸ்தூர்பாவையும் பறிகொடுத்து காந்தி வெளியே வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பக்கிரியாக, அதுவும் நிர்வாணப் பக்கிரியாக ஆவதற்குத்தான் நெடுங்காலமாக முயன்று வருவதாகவும், அது இன்னும் கடினமான வேலை என்பதால் அந்த வசவை, சொன்னவர் நினைக்காவிட்டாலும், பாராட்டாகவே எடுத்துக்கொள்வதாகவும் எழுதினார். அந்த உரிமையோடுதான் அடுத்த வேண்டுகோள்: தன்னை நம்பும்படி.